கொறடுக்குப் பேர் வைத்தவள்

அந்தப் பெண் வந்து கதவைத் தட்டியபோது நான் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் தலையை மேசையோடு பிணைத்திருக்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று துருவேறி, வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். தலை தனி, மேசை தனி, மிதி தனி என்று பிரித்தால்தான் அக்கா வீட்டுக்குப் போகிற வண்டியில் ஏற்ற முடியும். துணிமணி எல்லாம் கட்டியாகிவிட்டது. இந்த ஒரு கம்பிக்காகத்தான் நான் இன்னும் அந்த வீட்டில் இருந்தேன்.

அதைப் பிடுங்க ஒரு கொறடு போதும். வீட்டில் கொறடு இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் லைன்மேன், அவர் பையில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஆனால் அவரை விட்டுப் போவதற்கு அவரிடமே போய்ச் சாமான் கேட்பதா? அந்த ரோஷத்தில்தான் காலையிலிருந்து விரலை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவைத் திறந்தால் ஒரு கல்லூரிப் பெண். கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு அப்பிய ஷூ.

"அக்கா, ஒரு குருவியைப் பத்திக் கேக்கணும்."

"இங்க குருவியும் இல்ல, கொக்கும் இல்ல. ஜாக்கெட் தைக்கறதுன்னா வேற ஆளப் பாத்துக்கோம்மா, நான் ஊருக்குப் போறேன்."

அவள் சிரித்துவிட்டு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். மரக்கிளையில் சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிய ஒரு குருவி, மங்கிய பழுப்பு நிறம். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தடித்த, கட்டையான அலகு. நான் வழிவிட்டேன். அவளாகவே உள்ளே வந்து, நான் கட்டி வைத்திருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

"புத்தகத்துல இதுக்குப் பருத்த அலகுப் பாடும் குருவின்னு பேரு இருக்குக்கா. யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? வாய் வலிக்கும். அதான் ஜனங்க இதை நிஜமா என்னன்னு கூப்பிடறாங்கன்னு தெருத்தெருவா கேட்டு எழுதிட்டு வர்றோம். ஒரு பக்கம் மூக்கன்ங்கறாங்க, ஒரு பக்கம் விதை ஒடைச்சான்ங்கறாங்க. ஆனா பெரிய ஆஸ்பத்திரியைச் சுத்தி இருக்கற தெருவுல மட்டும் கொறடுங்கறாங்க. பாலத்தைத் தாண்டினா அந்தப் பேரு ஒருத்தருக்கும் தெரியல. அது ஏன் கொறடு?"

"மூக்கைப் பாத்தா தெரியலையா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

என் வீட்டுக்காரர் டியூட்டிக்குக் கிளம்பிக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளறையிலிருந்து வந்தார். நாள் கணக்கில் வாயைத் திறக்காத கல்லுளிமங்கன், குருவி என்றதும் திறக்கிறார். பையிலிருந்து கொறடை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே இரண்டு தடவை திறந்து மூடிக் காட்டினார்.

"இதே வாய்தான். கொட்டையை வெச்சு டக்குன்னு ஒரு அமுக்கு. எவனோ பாத்துட்டு வெச்சிருப்பான்."

"நானும் அப்படித்தாண்ணா நெனச்சேன். உலகம் பூரா இதே கூத்துதான். தடிச்ச அலகைப் பாத்தா போதும், மனுஷனுக்கு வேற எதுவும் கண்ணுல படாது. பிரெஞ்சுக்காரங்க பருத்த அலகுன்னு பேரு வெச்சாங்க. இங்கிலீஷ்காரங்க அதையே வாங்கி, குரோஸ்பீக்னு மாத்திக்கிட்டாங்க. அப்புறம் எங்க எந்தக் குருவிக்குத் தடிச்ச மூக்கு இருந்தாலும் அதே பேருதான். ஒண்ணுக்கொண்ணு சொந்தமே கிடையாது, பாதிக்கு மேல வேற வேற குடும்பம். ஒரு பய அதோட பாட்டைக் கேட்டுப் பேரு வெக்கல பாருங்க. எவ்வளவு நல்லாப் பாடும் தெரியுமா?"

தெரியும். எனக்குத் தெரியாதா.

"ஆனா இந்தக் கொறடு மட்டும் எனக்கு இடிக்குது," என்று தொடர்ந்தாள் அவள். "சும்மா பாத்து வெச்ச பேருன்னா பாலத்துக்கு அந்தப் பக்கமும் யாராவது ஒருத்தர் வெச்சிருக்கணும் இல்ல? டீக்கடைக்காரர் கிட்டக் கேட்டேன், ஆஸ்பத்திரி பெருக்கற அம்மா சொல்லித்தான் தெரியும்னாரு. அந்தம்மா வார்டு சிஸ்டரைக் கை காட்டினாங்க. சிஸ்டர் சொன்னாங்க, மூணாம் மாடித் தனி அறையில ஒரு பாப்பா இருந்தா, அவதான் மொதல்ல வெச்சான்னு. அட்ரஸும் அவங்கதான்..." அவள் குரல் இறங்கியது. "உங்க பாப்பாதானேக்கா?"

அவர் கையில் கொறடு திறந்தபடியே நின்றது. அதைப் பைக்குள் போட்டார். செருப்பை மாட்டினார். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பாக் கேட்டுட்டேனாக்கா?"

"இல்லம்மா. அவரு அப்படித்தான்."

"பேரு வந்த காரணத்தைப் புத்தகத்துல ஒரு வரி போடுவோம். அலகுதான் காரணம்னா அப்படியே போட்டுடறேன். வேற ஏதாவதுன்னா நாளைக்குள்ள ஒரு போன் பண்ணுங்க." நம்பரைச் சொல்லிவிட்டு, மூட்டையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள். நல்ல பெண்.

வேறு காரணம்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் நான் வெந்துகொண்டிருந்தேன்.

கொறடு என்பது என் வீட்டுக்காரரின் பட்டப்பெயர். எலக்ட்ரிக் வேலை செய்கிற எல்லாரும் கட்டிங் பிளேயர் என்று சொல்கிற சாமானை அவர் மட்டும் கொறடு என்பார். அவருடைய அப்பா அப்படிச் சொல்வாராம். கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு "கொறடைத் தூக்கிப் போடு" என்று கத்தினால் கீழே நிற்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? கேங்கில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது என் மகள் இதைக் காதில் வாங்கிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே, "கொறடு, சாப்பிட வா!" என்று தட்டைத் தட்டினாள். அப்பாவைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று நான் அதட்டினேன். அவர் பல் தெரியச் சிரித்தார். அவருக்கு அவள் வாயாடி, அவளுக்கு அவர் கொறடு. இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தி சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

வாயாடிக்கு எட்டு முடிவதற்குள் உடம்பில் நீல நீலமாகத் திட்டு விழ ஆரம்பித்தது. ரத்தம் ஊறுகிற இடத்திலேயே கோளாறு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை. கூட ஒருத்தர்தான் தங்கலாம். மற்றவர்கள் கை கழுவி, கவுன் போட்டு, முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். என் அக்கா வந்தாள். வாயாடியின் டீச்சர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட முறை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

பெற்றவர் மட்டும் வரவில்லை. சேர்த்த அன்றைக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததோடு சரி. உள்ளே வரமாட்டேன் என்று சிஸ்டரிடமே சொல்லிவிட்டாராம். மருந்து வாங்கிக் கீழே கொடுத்தனுப்புவார், பால் வாங்கிக் கொடுத்தனுப்புவார், அந்தக் கதவைத் தாண்டமாட்டார். யாராவது "அவரு எங்க?" என்று கேட்டால், "கம்பத்துல தொங்கிட்டிருக்காரு" என்பேன். கேட்டவர்கள் அடுத்த தடவை கேட்கவில்லை. போன் செய்தாலும் "எப்படி இருக்கா?" என்பார், நான் "வந்து பாத்துக்கோங்க" என்று வைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சும் நின்றுபோனது. பயந்தாங்கொள்ளி, குழந்தை சாவதைக் கண்கொண்டு பார்க்கத் தைரியமில்லாதவர் என்று நான் முடிவு கட்டினேன்.

ஆரம்பத்தில் வாயாடிக்கு நடமாட்டம் இருந்தது. சாயங்காலம் ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவாள்.

"யாருக்குடி டாட்டா?"

"பஸ்ஸுக்கு."

ஆஸ்பத்திரி மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடம். சரி, குழந்தை பஸ்ஸுக்குக் கை காட்டுகிறது என்று நான் வெந்நீர் பிடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது கண்ணாடியில் நெற்றி பட்ட இடம் வட்டமாக மூச்சின் ஆவி படிந்திருக்கும்.

பிறகு எழுந்து நிற்க முடியாமல் போனது. அப்படி ஒரு சாயங்காலம், நான் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, கீழ யாராவது நிக்கறாங்களா பாரேன்."

ஒரு கையில் தலையணை, இன்னொரு கையில் உறை. நின்ற இடத்திலிருந்தே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினேன். கிளை தெரிந்தது.

"யாரும் இல்ல. கிளையில ஒரு குருவி உக்காந்திருக்கு, அவ்ளோதான்."

அவள் கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப அதுதான் கொறடு," என்றாள்.

தலையணையை உறைக்குள் குத்தித் திணித்தேன். அப்பா வரமாட்டார் என்று குழந்தையே கையைக் கழுவிவிட்டது, ஒரு குருவியைப் பிடித்து அப்பா ஆக்கிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த நிமிஷம் முடிவு செய்தேன், இந்த மனுஷனை என் உயிர் உள்ளவரை மன்னிப்பதில்லை என்று.

அதற்குப் பிறகு அந்தக் குருவியோடுதான் அவளுக்குப் பேச்சு. "கொறடு, சாப்டியா?" என்பாள். "மழை வருது, போ, நாளைக்கு வா" என்பாள். ஒருநாள் அது ஜன்னல் விளிம்பிலேயே வந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்தியது. "உள்ள வராத. இங்க எல்லாம் சுத்தமா இருக்கணும். நீ அங்கயே நில்லு, எனக்குத் தெரியுது" என்று பெரிய மனுஷி மாதிரி அதற்கு எடுத்துச் சொன்னாள். சிஸ்டருக்கு இது வேடிக்கை. ஊசி போட வரும்போதெல்லாம், "உன் கொறடு வந்தாச்சா?" என்பார். பெருக்கும் அம்மா அடுத்த அறைக் குழந்தைகளுக்குக் காட்டினார். சாப்பாடு கொண்டுவருகிறவர் கீழே போய்ச் சொன்னார். இப்படித்தான் டீக்கடை வரைக்கும் போயிருக்கிறது. எல்லாரும் அதன் மூக்கைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நானும் ஆமாம், மூக்குதான் என்றேன். புருஷன் வராத வெட்கத்தை ஊருக்குச் சொல்வதா?

மழை தொடங்கிய வாரத்தில் அவள் போய்விட்டாள். அன்றைக்குத்தான் அவர் உள்ளே வந்தார். கவுன் இல்லை, முகமூடி இல்லை. இனிமேல் எதற்கு? கட்டிலின் கால்மாட்டில், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல் நின்றார். "இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதே கிடையாது.

அந்தப் பெண் வந்துபோன அன்று, வெயில் சாய்கிற நேரத்துக்கு அவர் வேலை முடிந்து வந்தார். நான் அப்போதும் கம்பியோடுதான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். பையிலிருந்து கொறடை எடுத்து, கம்பியின் நுனியைக் கவ்வி, இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு திருகு, ஒரே இழு. வந்துவிட்டது. மெஷின் தலையை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பழைய போர்வையில் சுற்றினார்.

"எங்க வெக்கட்டும்?"

ஏன் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். எங்கே வைக்கட்டுமாம்! எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினார் மனுஷன்.

"அந்தக் குருவிக்கு ஏன் கொறடுன்னு பேரு தெரியுமா?" என்றேன். "எவனோ மூக்கைப் பாத்து வெக்கல. உங்க பொண்ணு வெச்சா. உங்க பேரு அது. பெத்த அப்பன் எட்டிப் பாக்கல, அதனால ஒரு குருவிக்கு உங்க பேர வெச்சு அதுகூடப் பேசிட்டிருந்தா. போதுமா? இதைத் தெரிஞ்சுக்கிட்டு நல்லாத் தூங்குங்க."

வருஷமெல்லாம் தீட்டி வைத்த கத்தி, சரியான இடத்தில்தான் இறங்கியது. அவர் மெஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் உள்ள வந்திருந்தா அவ அன்னிக்கே போயிருப்பா."

"என்ன உளர்றீங்க?"

"மொத நாள் டாக்டர் கேட்டாரே, ஞாபகம் இல்லையா? வீட்டுல பறவை வளக்கறீங்களா, பறவை எச்சம் படற எடத்துக்கு யாராவது போவீங்களான்னு. நீ இல்லைன்ன. நான் ஒண்ணும் சொல்லல. அந்த மாசம் பூரா எனக்கு என்ன வேலை? மழைக்கு முன்னாடி கம்பத்துல இருக்கற கூட்டையெல்லாம் கழிக்கற வேலை. தலையில, சட்டையில எல்லாம் எச்சம். அதே சட்டையோட வந்து அவளைத் தூக்கியிருக்கேன். என் தோள்ல மூஞ்சிய வெச்சுத் தூங்கியிருக்கா. நான்தான் கொண்டாந்தேன்."

அவர் மெஷின் சக்கரத்தைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு போனார்.

"லைன்ல ஃபால்ட்டுன்னா நாங்க என்ன பண்ணுவோம்? எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கத்தைத் தனியாக் கழட்டி வெச்சுடுவோம். அப்பத்தான் மீதி லைன் பொழைக்கும். ஃபால்ட்டு நான்தானே. அதான் கழண்டு நின்னுட்டேன். அவ நல்லாயிட்டான்னு யாராவது சொன்னதும் உள்ள போகலாம்னு இருந்தேன்."

"டாக்டர் அதை எல்லார்கிட்டயும் கேப்பாருங்க," என்றேன். "நாய் இருக்கா, பூனை இருக்கான்னு கேக்கற மாதிரி. அவளுக்கு வந்தது எலும்புக்குள்ள. வெளியேர்ந்து யாரும் கொண்டாரல. ரெண்டாவது வாரமே எனக்குத் தெளிவாச் சொன்னாரு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

சொல்லவில்லைதான். அக்காவிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன், பெருக்கும் அம்மாவிடம்கூடச் சொன்னேன். இவரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஷாக் பயம், உயரப் பயம் எதுவும் இல்லாமல் கம்பத்தில் ஏறுகிற மனுஷனுக்குத் தொற்று பயம் இருக்கும் என்று கண்டேனா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் அவர் ஓடி வந்திருப்பார். கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். நல்ல ஜோடி நாங்கள்.

"அதுக்காக ஒரு தடவை கூடவா அவளப் பாக்கணும்னு இல்ல?"

"தினமும் வந்தேனே."

"எங்க வந்தீங்க?"

"கீழ, மோட்டார் ரூம் பக்கத்துல. டியூட்டி முடிஞ்சதும் வந்துடுவேன். அங்கேர்ந்து பாத்தா மூணாம் மாடி நேரா இருக்கும். ஜன்னலை எண்ணி, அது நம்மளதுன்னு பாத்துட்டே நிப்பேன். உள்ள ஒண்ணும் தெரியாது. சாயங்கால வெயில் கண்ணாடியில அடிச்சு வானம்தான் தெரியும். ஒரு நாள் விடல. கடைசி அன்னிக்கும் அங்கதான் இருந்தேன்."

மோட்டார் ரூம் எங்களுடைய ஜன்னலுக்கு நேர் கீழே, மதிலோரம். கட்டிலில் படுத்திருந்தால் தெரியாது. அறைக்கு நடுவில் தலையணை உறை மாட்டிக்கொண்டு நின்றாலும் தெரியாது. ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாற்காலியில் ஏறி நெற்றியைக் கண்ணாடியில் வைத்தால் நன்றாகவே தெரியும்.

பஸ்ஸுக்கு டாட்டா. எந்தக் குழந்தை நாள் தவறாமல் அந்த ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கு டாட்டா காட்டும்? அப்பா பேரை எடுத்தாலே நான் சீறி விழுவேன் என்று அந்தப் பிஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் எனக்கு பஸ் என்று சொன்னாள். எழுந்திருக்க முடியாமல் போன அன்றைக்குத்தான் வேறு வழியில்லாமல் என்னைக் கேட்டாள், கீழே யாராவது நிற்கிறார்களா பார் என்று. அவளுக்குத் தெரியும் யார் நிற்பார் என்று. நான் யாரும் இல்லை, ஒரு குருவிதான் என்றேன். அவள் என்னை நம்பினாள். அப்பா இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது, மறுநாளும் வரவில்லை போலிருக்கிறது என்று நம்பிக்கொண்டு, இருந்த குருவிக்கு அவர் பேரைக் கொடுத்தாள். அவரோ கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் அவர் மீது இறக்கிய கத்தி திரும்பி வந்து என் நெஞ்சில் நின்றது. என்னால் அழக்கூட முடியவில்லை.

"அவ என்னைப் பாத்தாளா?" என்று கேட்டார் அவர்.

"பாத்தா."

"நிஜமாவா?"

"தினமும் நாற்காலியில ஏறி நின்னு கையை ஆட்டுவா. எனக்குத்தான் புரியல. பஸ்ஸுக்குக் காட்டறான்னு நெனச்சேன்."

அவர் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் எவ்வளவு நாள் கழித்துப் பார்த்தேன்! உடனே அது இருண்டும் போனது.

"அப்ப அந்தக் குருவிக்கு எதுக்கு என் பேரு? கொஞ்ச நாளைக்கு அப்புறம் பாக்கலையா? நான் வரலைன்னு நெனச்சாளா?"

எனக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் என் பாரம் கொஞ்சம் இறங்கும். அதைத் தூக்கி அவர் தலையில் வைத்ததாகவும் ஆகும்.

"இல்லங்க," என்றேன். "சும்மா விளையாட்டுக்கு வெச்சா. கொறடு கீழயும் நிக்குது, கிளையிலயும் உக்காந்திருக்குன்னு சிரிப்பா, எனக்கு இப்பத்தான் அர்த்தம் புரியுது. கட்டிலை ஜன்னல் கிட்டத் தள்ளிப் போட்டுட்டாங்க. படுத்துட்டே உங்களப் பாத்துட்டிருப்பா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அவர் மெஷின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். கம்பத்தில் ஏறுகிற மனுஷன், ஓசையே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். நான் அவர் தலையில் கையை வைத்தேன். நரை கூடிவிட்டிருந்தது.

"நான் ஒரு தடவை கூடத் திருப்பிக் கை காட்டலையே," என்றார். "கையைப் பைக்குள்ள விட்டுட்டு மரம் மாதிரி நின்னேனே. அவ காட்டறான்னு தெரிஞ்சிருந்தா..."

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"அலகைப் பாத்து வெச்ச பேருதாம்மா. அப்படியே போட்டுக்கோ."

"அவ்ளோதானாக்கா? வேற கதை ஏதாவது இருக்கும்னு நெனச்சேன்."

"அவ்ளோதான்."

அவள் குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பாவம், அவள் நினைத்ததுதான் சரி.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வரவில்லை. எங்கே இருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டைகள் கட்டினபடியே கிடந்தன, மெஷின் தலை போர்வைக்குள் கிடந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தேன்.

மோட்டார் ரூம் சுவரோரம், காக்கிச் சட்டையோடு, பை தோளில் தொங்க நின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் தரை தேய்ந்திருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளையில் எங்கேயோ அந்தக் குருவி பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவு முரட்டு மூக்கிலிருந்து அப்படி ஒரு மெல்லிய பாட்டு.

"எனக்கு வானம்தான் தெரியுது," என்றார். "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மேல யாராவது நிக்கறாங்களா பாரேன்."

இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்து, குதிகாலை உயர்த்தி, எவ்வளவு நேரம் பார்க்க முடியுமோ அவ்வளவு நேரம் பார்த்தேன். மூன்றாம் மாடிக் கண்ணாடியில் வானம்தான் இருந்தது.

"நிக்கறா," என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்ட ஆரம்பித்தார்.